இல்லமும் நலமும்: வளர்ப்பு எலி திடீரென நோயுற்றால்

பிள்ளையார் சந்நிதியில் மூஷிக வாகனத்தைக் கண்டு கைகூப்பும் அன்பரே, வீட்டுக்குப் போனதும் சுவரோரம் எலி ஒன்று ஓடினால் விளக்குமாற்றைத் தேடுவார். இதிற் குற்றம் காண்பதற்கில்லை. நெல்லு மூட்டையைக் கடித்தும், கூரை வளையில் ஓடியும், புடைவைப் பெட்டிக்குள் குட்டி போட்டும் ஊரிலே எலி செய்த சேட்டைகள் பல. எலிப்பொறி இல்லாத வீடு அங்கே குறைவு.

பிரித்தானியாவுக்கு வந்த பின்னர் நிலைமை வேறாகிவிட்டது. பள்ளித் தோழியின் வீட்டில் எலி வளர்வதைக் கண்ட பிள்ளை தனக்கும் வேண்டும் என்கிறது. நாய்க்கு வீட்டில் இடமில்லை. பூனைக்குத் தகப்பனாருக்கு மனமில்லை. முடிவில் ஒரு கூடும் இரண்டு எலிகளும் வந்து சேர்கின்றன. தொடக்கத்தில் முகஞ்சுளித்த அம்மம்மாவே சில மாதங்களில் பூசை முடிந்ததும் வாழைப்பழத்தில் ஒரு துண்டைக் கூட்டுக்குள் நீட்டுவார். அந்த எலியும் இரண்டு கைகளாலும் வாங்கி உண்ணும். பெயர் சொல்லி அழைத்தால் வரும். தோளில் ஏறி உட்காரும். வீட்டாரை அடையாளம் தெரிந்துகொள்ளும். அப்படி வளர்ந்த எலி ஒருநாட் காலையில் மூலையிற் சுருண்டு கிடந்தால் என்ன செய்வது என்பதே இம்மாத விடயம்.

கூட்டில் வளரும் எலியும் சாக்கடை எலியும் இனத்தால் ஒன்றே. றாற்றஸ் நோர்வெஜிகஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டனில் ஜாக் பிளக் என்றொரு எலிபிடிகாரர் இருந்தார். விக்ரோறியா மகாராணியாருக்கு எலி பிடிப்பவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட இவர், புது நிறத்தில் அகப்பட்ட எலிகளைக் கொல்லாமல் வைத்து இனம்பெருக்கி, வளர்ப்பதற்கென விற்றார். 1901ஆம் ஆண்டில் அயில்ஸ்பரி நகரக் கண்காட்சியில், மேரி டக்ளஸ் என்ற பெண்மணியின் முயற்சியால், எலிகளுக்கென முதன்முறையாகத் தனிப் பிரிவு ஒதுக்கப்பட்டது. 1976இல் எலி வளர்ப்போருக்கெனத் தேசியச் சங்கம் ஒன்றும் இந்நாட்டில் உருவாயிற்று. எத்தனையோ தலைமுறைகளாக மனிதர் கையிற் பழகி வந்த பிராணி இது. அதனால் நோயுற்றபோது மனிதரையே நம்பியிருக்கிறது.

ஒரு நாள் என்பது ஒரு மாதம்

எலியின் நோயைப் பற்றி வேறெதை மறந்தாலும் இந்த ஒரு கணக்கை மறக்கலாகாது. வளர்ப்பு எலியின் ஆயுள் இரண்டு முதல் மூன்று ஆண்டு. இரண்டரை ஆண்டென்று கொண்டால் ஏறக்குறைய 900 நாட்கள். மனிதருடைய ஆயுளை 75 ஆண்டென்று கொண்டால் அது சரியாக 900 மாதங்கள். ஆகவே எலிக்கு ஒரு நாள் கழிவது மனிதருக்கு ஒரு மாதம் கழிவது போலாகும்.

பல வீடுகளில் நடப்பதை இக்கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் பிள்ளை கூட்டைப் பார்த்துவிட்டு ஓடி வருகிறது. "அம்மம்மா, இவன் சாப்பிடுறானில்லை." "திங்கட்கிழமை பாப்பம் பிள்ளை. சூட்டுக்குள்ள கிடந்தா எழும்பிவிடுவான்." அம்மம்மாவின் சொல்லில் அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் திங்கட்கிழமை என்பது அந்த எலிக்கு மூன்று மாதத்துக்குப் பின்னர் வரும் நாள். மூச்சுத்திணறும் மனிதரை மூன்று மாதம் காத்திருக்கச் சொல்வார் எவருமில்லை.

"திடீரென" என்ற சொல்லும் எலியின் விடயத்தில் முழுதும் உண்மையன்று. காட்டிலே எலி பிறருக்கு இரையாகும் பிராணி. தளர்ந்து கிடக்கும் எலியையே பாம்பும் ஆந்தையும் முதலிற் கொண்டுபோகும். ஆகையால் நோயை வெளியே காட்டாமல் மறைப்பது அதன் பிறவிக் குணம். இயன்றவரை ஓடியாடித் திரிந்துவிட்டு, இனி முடியாது என்ற நிலையிலேதான் அது படுக்கும். வீட்டார் "நேற்று நல்லாய்த்தானே இருந்தது" என்று சொல்லும் எலி, உண்மையில் பல நாட்களாக நோயோடு இருந்திருக்கும்.

அந்த மறைவை வெளிப்படுத்தும் எளிய கருவி குசினியிலுள்ள தராசு. வளர்ந்த பெண் எலி பொதுவாக 250 முதல் 350 கிராம் வரையும், ஆண் எலி 450 முதல் 650 கிராம் வரையும் நிறை கொண்டிருக்கும். கிழமைக்கொருமுறை, குறித்த ஒரு நாளில், எலியைத் தராசுத் தட்டில் வைத்து நிறையைக் கொப்பியில் எழுதி வருதல் நன்று. 300 கிராம் எலி ஒரு கிழமையில் 30 கிராம் குறைந்தால், 60 கிலோ நிறையுள்ள மனிதர் ஒருவர் 6 கிலோ மெலிந்ததற்கு ஒப்பாகும். கண்ணுக்குத் தெரியுமுன் கணக்குக்குத் தெரிந்துவிடும். இந்த வேலையைப் பிள்ளையிடமே ஒப்படைத்தால் பொறுப்பும் வளரும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

எலி வளர்ப்போரைப் பெரிதும் பயமுறுத்துவது கண்ணிலும் மூக்கிலும் காணும் சிவப்பு நீர். இரத்தம் வடிகிறது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது இரத்தமன்று. எலியின் கண்ணுக்குப் பின்னாலுள்ள சுரப்பியொன்று போபிரின் என்ற சிவப்புப் பொருள் கலந்த நீரைச் சுரக்கிறது. நலமுள்ள எலி முகத்தைக் கழுவும்போது அதைத் துடைத்துவிடும். சோர்வு, நோய், பயம் ஆகியவை வந்தால் சுரப்பது கூடும், துடைப்பது குறையும். எனவே அச்சிவப்பு நீர் ஒரு தனி நோயன்று. உள்ளே ஏதோ சரியில்லை என்று காட்டும் விளக்கு.

அடுத்தது மூச்சு. எலி மூக்கினால் மட்டுமே மூச்சுவிடும் பிராணி. அது வாயைத் திறந்து மூச்சுவிட்டாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் விலாப்பக்கம் உள்ளே இழுபட்டாலோ, காலும் மூக்கும் வெளிறி நீலம் பாய்ந்தாலோ, நேரம் என்னவென்று பாராமல் மிருக வைத்தியரிடம் போகவேண்டும். புதிய கூட்டுக்கு வந்த எலி சில நாட்கள் தும்முவதுண்டு. தும்மலோடு கரகரப்புச் சத்தம், மெலிவு, சோர்வு ஆகியவை சேர்ந்தால் அது நோயே.

பெரும்பாலான வளர்ப்பு எலிகளின் சுவாசப்பையில் மைக்கோபிளாஸ்மா என்னும் கிருமி சிறு வயதிலேயே குடிகொண்டுவிடுகிறது. தாயிடமிருந்தும் உடன் வாழும் எலிகளிடமிருந்தும் அது வருவது. உடல் திடமாய் இருக்கும் வரை அடங்கிக் கிடக்கும். முதுமை, குளிர், மனவருத்தம், புகை, சிறுநீர் தேங்கிய கூட்டின் நெடி ஆகியவற்றால் எலி தளர்ந்தால் தலையெடுக்கும். அதை முற்றாக ஒழிக்க மருந்தில்லை. ஆனால் டொக்சிசைக்கிளின், என்றோபுளொக்ஸசின் போன்ற அன்ரிபயோற்றிக் மருந்துகளை வைத்தியர் அளவறிந்து கொடுத்தால் அடக்கி வைக்கலாம். அப்படி அடக்கியபின் பல மாதம் இன்பமாய் வாழ்ந்த எலிகள் உண்டு. எலிக்குப் பல மாதம் என்பது பல்லாண்டு.

உடம்பைக் கூனி, மயிரைச் சிலிர்த்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு மூலையில் இருப்பது வலியைக் காட்டும். தலை ஒரு பக்கம் சாய்ந்து வட்டமாகச் சுற்றினால் பெரும்பாலும் உட்காதில் நோய். விரைந்து மருந்து கொடுத்தால் பல எலிகள் தேறும். வயதான பெண் எலி முன்கையால் உணவைப் பிடிக்கமாட்டாமல் நழுவவிட்டால் மூளையடிச் சுரப்பியிற் கட்டி இருக்கக்கூடும். வயதான ஆண் எலி பின்கால்களை இழுத்து நடந்தால் அது முதுமையால் வரும் நரம்புத் தளர்ச்சியாகலாம். பெண் எலிக்கு மாதவிடாய் இல்லை. ஆதலால் அதன் படுக்கையில் இரத்தம் கண்டால் தாமதிக்கக்கூடாது. எலியின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்பவை. அவை கோணி நீண்டுவிட்டால், உணவைத் தேடி வந்தும் உண்ணமாட்டாமல் திரும்பிப் போகும்.

தோலுக்கடியில் உருளும் கட்டிகளும் பெண் எலிகளிற் பெரிதும் காணப்படுவன. எலியின் பாற்சுரப்பி கழுத்திலிருந்து தொடை வரை பரந்திருப்பதால் கட்டி எங்கும் வரலாம். அவற்றுள் அதிகமானவை உடலெங்கும் பரவாத சாதாரணக் கட்டிகள். ஆனால் விரைவாகப் பெருத்து நடையையே தடுக்கும். சிறிதாய் இருக்கும்போதே காட்டினால் சத்திரசிகிச்சை எளிது.

முதல் ஒரு மணித்தியாலம்

எலி நோயுற்றுக் கிடப்பதைக் கண்டதும் செய்யவேண்டியவை அதிகமில்லை. செய்யும் ஒழுங்குதான் முக்கியம்.

முதலாவது, சூடு. நோயுற்ற சிறு பிராணி விரைவில் குளிர்ந்துவிடும். காற்றுப் போக்குள்ள சிறு பெட்டியில் பழைய துணியை விரித்து எலியை மெதுவாக வைக்கவேண்டும். சுடுநீர்ப் போத்தலைத் துவாயிற் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைக்கவேண்டும். சூடு கூடினால் எலி மற்றப் பக்கம் நகர்ந்துகொள்ள இடம் இருக்கவேண்டும். இதற்கு விலக்கு ஒன்றுண்டு. கோடை வெயிலில் துவண்டு விழுந்த எலிக்குச் சூடு நஞ்சு. எலிக்கு மனிதரைப் போல உடலெங்கும் வியர்ப்பதில்லை. உடற்சூட்டின் ஒரு பகுதியை வாலின் வழியாகப் போக்கும். அப்படிப்பட்ட எலியை நிழலுக்குக் கொண்டுபோய், குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் வாலையும் பாதங்களையும் ஒற்றவேண்டும். ஐஸ்தண்ணீரில் அமிழ்த்தக்கூடாது.

இரண்டாவது, அமைதி. தொலைக்காட்சியும், பிள்ளைகளின் கூச்சலும், கைமாறிக் கைமாறித் தூக்குவதும் அதன் மூச்சை மேலும் வாங்கும். வெளிச்சம் குறைந்த அறையே நல்லது. மற்ற எலி அதைக் கடித்துத் துன்புறுத்தாவிட்டால் பிரிக்கவேண்டியதில்லை. எலி கூட்டமாய் வாழும் பிராணி. துணை அருகில் இருப்பதே அதற்குப் பாதி மருந்து.

மூன்றாவது, நீர். தோளின் மேற்றோலை மெதுவாகக் கிள்ளி விட்டால் உடனே படியவேண்டும். மடிப்பாக நின்றால் உடலில் நீர் வற்றிவிட்டது. போத்தலை எட்டமாட்டாத எலிக்குச் சிறு தட்டில் நீர் வைக்கலாம். வழக்கமான உணவை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கியோ, உப்பும் புளியும் சேராத குழைந்த சோறாகவோ விரல்நுனியில் காட்டலாம். தானாக நக்கினால் நல்லது. நக்காத எலியின் வாயிலே ஊற்றக்கூடாது. விழுங்கமாட்டாத எலிக்கு ஊற்றிய நீர் சுவாசப்பைக்குள் போய்விடும்.

நான்காவது, தொலைபேசி. மேற்சொன்ன மூன்றும் வைத்தியரிடம் போகும் வரை உயிரைத் தாங்கிப் பிடிப்பதற்கே. அவை சிகிச்சையல்ல.

உண்டுகொண்டிருந்த எலி திடீரெனத் தாடையை நெஞ்சோடு இழுத்து, எச்சில் வடித்து, வாயைக் கையாற் பிறாண்டினால் உணவு தொண்டையில் ஒட்டிவிட்டது என்று அறியலாம். எலியால் வாந்தியெடுக்க முடியாது. அந்நேரத்தில் நீரோ உணவோ கொடுக்காமல் அமைதியாக விட்டால் பெரும்பாலும் தானே சரியாகும். மூச்சு முட்டினால், அல்லது நேரம் சென்றும் தெளியாவிட்டால் வைத்தியரே துணை. அல்வா, களி, ஒட்டும் கடலை வெண்ணெய் ஆகியவற்றை எலிக்குக் கட்டியாகக் கொடுக்கலாகாது என்பதற்கும் இதுவே காரணம்.

செய்யத் தகாதவை

தமிழ் இல்லங்களில் கைவைத்தியத்துக்குக் குறைவில்லை. மனிதருக்கு நன்மை செய்பவை யாவும் எலிக்கும் நன்மை செய்யும் என்று எண்ணுவதே இங்கு ஆபத்து.

சளி என்றவுடன் நெஞ்சிற் பூசும் தைலத்தையும், யூக்கலிப்ரஸ் எண்ணெயையும், கற்பூரத்தையும் எடுப்பது வழக்கம். எலி உடம்பிற் பட்டதையெல்லாம் நக்கித் துடைக்கும். பூசியது சிறிது நேரத்தில் வயிற்றுக்குள் போய்விடும். அதன் நெடியோ நோயுற்ற சுவாசக் குழாயை மேலும் எரிக்கும். மனிதருக்கான காய்ச்சல் குளிசையும் வலிக் குளிசையும் கொடுத்தலாகாது. 300 கிராம் எலி, 60 கிலோ மனிதரில் இருநூறில் ஒரு பங்கு. ஒரு குளிசையை இருநூறு சம பங்காக நறுக்கக்கூடியவர் எவருமில்லை. வீட்டில் மிஞ்சிக்கிடக்கும் அன்ரிபயோற்றிக் மருந்துக்கும் இதே விதிதான்.

கூடு இருக்கும் இடத்தையும் பார்க்கவேண்டும். சிறிய வீடுகளில் சுவாமி அறையென்று தனியே ஒன்று இருப்பதில்லை. இருப்பறையின் ஒரு மூலையிற் சுவாமி படம், மறு மூலையில் எலிக்கூடு. காலையும் மாலையும் ஊதுபத்தி; வெள்ளிக்கிழமை சாம்பிராணி; அடுத்த அறையில் மிளகாய் வறுக்கும் காரம். குளிருக்காக யன்னல்களும் பூட்டியிருக்கும். மனிதர் இருமிவிட்டு வெளியே போகலாம். கூட்டுக்குள் இருக்கும் எலி எங்கே போகும்? சுவாசப்பை ஏற்கெனவே பழுதுபட்ட பிராணிக்கு இது பெருந்தீங்கு. பூசையை நிறுத்தவேண்டியதில்லை; கூட்டைப் புகை எட்டாத அறைக்கு மாற்றினாற் போதும். சிடார், பைன் மரச்சீவல்களின் வாசனையும் எலியின் சுவாசத்துக்கு ஆகாது. தூசியில்லாத கடதாசிப் படுக்கையே நல்லது. நனைந்த மூலையைத் தினமும், கூடு முழுவதையும் ஒழுங்காகவும் துப்புரவு செய்யவேண்டும்.

வைத்தியரிடம் போகும்போது

எல்லா மிருக வைத்தியர்களும் எலியைப் பார்ப்பதிற் பழக்கமுள்ளவர்களல்லர். எலி நோயுற்ற இரவில் தேடத் தொடங்கினாற் பிந்திவிடும். எலியை வாங்கிய கிழமையே அயலிலுள்ள வைத்தியசாலைகளைக் கேட்டு, சிறு பிராணிகளில் தேர்ச்சியுள்ள ஒருவரிடம் பதிந்துகொள்ளவேண்டும். இரவிலும் வார இறுதியிலும் எந்த எண்ணுக்குப் பேசவேண்டும் என்பதையும் அறிந்து குறித்துவைக்கவேண்டும். இந்நாட்டில் தொழில் புரியும் மிருக வைத்தியர்கள் இருபத்துநான்கு மணித்தியாலமும் அவசர முதலுதவிக்கும் வலிநிவாரணத்துக்கும் வழிசெய்ய வேண்டும் என்பது அவர்களது தொழில் ஒழுக்க விதி. "எலிதானே என்று சிரிப்பார்களோ" என்று கூச்சப்பட வேண்டியதில்லை.

பணமும் ஒரு விடயந்தான். ஒரு எலியின் விலை சில பவுண். வைத்தியரின் கட்டணம் அதைப் போலப் பல மடங்கு. "இந்தக் காசுக்குப் புதிதாய்ப் பத்து வாங்கலாமே" என்ற பேச்சும் எழும். அந்தப் பேச்சைப் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதை நினைவில் வைப்பது நல்லது. தொலைபேசியிலேயே கட்டணத்தைக் கேட்கலாம். எவ்வளவு செலவு செய்யமுடியும் என்பதை வைத்தியரிடம் வெளிப்படையாகவும் சொல்லலாம். அதற்கு ஏற்றபடி எது அவசியம், எது பொறுக்கலாம் என்று அவர் சொல்வார். மரியா டிக்கின் அம்மையார் 1917இல் தொடங்கிய பி.டி.எஸ்.ஏ. என்னும் தருமநிறுவனம், அரசாங்க உதவிப் பணம் பெறும் தகுதியுள்ள குடும்பங்களின் பிராணிகளுக்கு இலவசமாகவோ குறைந்த செலவிலோ சிகிச்சை அளிக்கிறது. எலி வாங்கும்போதே ஒரு உண்டியலை வைத்து மாதந்தோறும் சிறிது போட்டுவருவது எல்லாவற்றிலும் சிறந்தது.

போகும்போது நிறைக் கொப்பியைக் கொண்டுபோக வேண்டும். எப்போது உண்டது, எப்போதிருந்து மாற்றம், கொடுத்த மருந்து ஏதும் உண்டா என்பவற்றை எழுதி எடுத்துச் செல்லலாம். மூச்சுச் சத்தம் வைத்தியர் முன் அடங்கிவிடுவதுண்டு. கைத்தொலைபேசியிற் பதிந்து காட்டினால் உதவியாய் இருக்கும். எலியால் வாந்தியெடுக்க முடியாததால் சத்திரசிகிச்சைக்கு முன் பட்டினி போடும் வழக்கமும் இதற்கு வேண்டியதில்லை. மருந்து கொடுத்தால், குறித்த நாள் முடியும் வரை கொடுக்கவேண்டும். இரண்டாம் நாளில் எலி ஓடித் திரிகிறதென்று நிறுத்துவதே நோய் திரும்பி வருவதற்கு வழி. கசப்பு மருந்தைச் சிறிது வாழைப்பழ மசியலில் கலந்து கொடுத்தால் பெரும்பாலும் உண்ணும்.

வீட்டாரின் நலமும் இதிலடங்கும். எலியைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவ வேண்டும். கடித்தால் உடனே நன்றாகக் கழுவவேண்டும். அதன்பின் சில நாட்களில் காய்ச்சல், தோலிற் சிவப்பு, மூட்டுவலி கண்டால் குடும்ப டொக்டரிடம் வீட்டில் எலி இருப்பதைச் சொல்லவேண்டும். எலிக்கடிக் காய்ச்சல் என்று ஒன்றுண்டு. அது அன்ரிபயோற்றிக் மருந்தால் மாறும். 2017இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் வளர்ப்பு எலிகளின் வழியாகச் சியோல் வைரஸ் மனிதருக்குப் பரவியது. இவை அரிதானவை, ஆயினும் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் நோயுற்ற எலியிடமிருந்து விலகியிருப்பதே நன்று. எலிக்கூட்டை உணவு சமைக்கும் இடத்திற் கழுவக்கூடாது.

கடமை யாருடையது?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையிலுள்ள 2006ஆம் ஆண்டின் மிருக நலச் சட்டம், பதினாறு வயதுக்குட்பட்டவருக்குப் பிராணியை விற்பதைத் தடுக்கிறது. பிள்ளை "என்னுடைய எலி" என்று சொன்னாலும், அந்தப் பிள்ளையைப் பராமரிக்கும் பெரியவரே சட்டப்படி பொறுப்பாளி. நாய்க்கும் குதிரைக்கும் உள்ள பாதுகாப்பு எலிக்கும் உண்டு. வலியினின்றும் நோயினின்றும் காப்பது அக்கடமைகளுள் ஒன்று. சிகிச்சையின்றித் துடிக்கவிடுவது குற்றமாகலாம்.

சட்டம் சொல்வதற்கு முன்பே சைவ உலகம் சொல்லிவைத்த கதை ஒன்றுண்டு. திருமறைக்காட்டுத் திருக்கோயிலில் அணையப்போன விளக்கின் நெய்யை உண்ண வந்த எலியொன்று மூக்குச் சுட, திரியைத் தன்னையறியாமல் தூண்டிவிட்டது. அந்தப் புண்ணியத்தால் அவ்வெலி மறுபிறப்பில் மாவலிச் சக்கரவர்த்தியாயிற்று என்பர். அப்பர் சுவாமிகளின் தேவாரத்திலும் இச்செய்தி வருகிறது. எலி பக்தியோடு வந்ததன்று; பசியோடு வந்தது. இறைவன் அதன் அளவையும் பார்க்கவில்லை, நோக்கத்தையும் பார்க்கவில்லை. அக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் வீட்டில், கூட்டிற் கிடக்கும் எலியை விலை கொண்டு மதிப்பது பொருந்தாது.

இனிக் கடினமான ஒரு கேள்வி. மருந்தால் இனிப் பயனில்லை, வலி தீராது என்று வைத்தியர் சொல்லி, ஊசியால் உறங்கச் செய்யலாமா என்று கேட்டால் என்ன சொல்வது? கொல்லாமையை முதலறமாகக் கொண்ட வீட்டில் இக்கேள்விக்கு இலகுவான விடையில்லை. இயற்கையாய்ப் போகும் வரை அருகிருந்து பார்ப்பதே முறை என்பார் சிலர். மூச்சுக்குத் தவிக்கும் உயிரை அப்படியே விடுவது அருளன்று என்பார் வேறு சிலர். இரண்டுமே உயிரிரக்கத்தினின்றும் எழுபவை. இயற்கையான முடிவை விரும்பும் குடும்பம், அதற்கிடையில் வலி தெரியாதிருக்க மருந்தாவது கேட்டுப் பெறவேண்டும். வலிமருந்தும் இல்லாமல், வைத்தியரும் இல்லாமல் "விதி" என்று விட்டுவிடுவது மூன்றாவது வழி. அதற்குக் கொல்லாமை என்று பெயரில்லை. உறங்கச் செய்ய இசைந்தால், பொதுவாக வைத்தியர் முதலில் மயக்கவாயு கொடுத்து உணர்விழக்கச் செய்த பின்னரே ஊசி போடுவார். முடிவெடுக்கும் பாரத்தைப் பிள்ளையின் தோளில் வைக்கக்கூடாது. அதைப் பெரியவர்களே சுமக்கவேண்டும்.

எலி இறந்துவிட்டால் பிள்ளையிடம் உண்மையைச் சொல்வதே நல்லது. பள்ளியால் வருமுன் அதே நிறத்தில் வேறொன்றை வாங்கி வைத்து மறைக்கப் பார்ப்போர் உண்டு. பிள்ளைகள் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார்கள். அதன்பின் பெரியவர் சொல்லை நம்பத் தயங்குவார்கள். பல பிள்ளைகளுக்கு வாழ்க்கையில் முதன்முதற் காணும் மரணம் இதுதான். அம்மரணத்தை வீட்டார் எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பதைப் பிள்ளை பார்த்துப் படிக்கும். தோட்டத்தில் ஆழமாகக் குழி தோண்டி, துணியிற் சுற்றி, ஒரு பூவை வைத்துப் புதைக்கலாம். அழ வேண்டுமென்றால் அழவிடலாம். எஞ்சிய எலிக்கும் துணை போய்விட்டது. சில நாட்கள் அது உண்ணாமல் ஒடுங்கியிருக்கும். அதனோடு கூடிய நேரம் இருக்கவேண்டும். புதிய துணை கொண்டுவந்தால் இரண்டு கிழமையாவது வேறு அறையில் தனியே வைத்து, நோயில்லை என்று கண்ட பின்னரே சேர்க்கவேண்டும்.

எலி வளர்க்கும் அன்பர்கள் இவ்வாரமே ஒரு தாளில் மூன்று விடயங்களை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைக்கலாம்: பகலில் பேசவேண்டிய மிருக வைத்தியரின் எண், இரவில் பேசவேண்டிய எண், எலியின் இன்றைய நிறை. பிள்ளை ஓடி வந்து "இவன் சாப்பிடுறானில்லை" என்று சொல்லும் நாளில் அந்தத் தாள் இருந்தால், திங்கட்கிழமை வரை எவரும் காத்திருக்கமாட்டார்கள்.